கூரையில் கட்டிய படகு

எசன்,
27.07.2025

அன்புள்ள மகன் யதுசனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். உன் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை. ஒரு ஆற்றைப் பற்றி ஆறு பக்கம் எழுதத் தெம்பிருக்கிறவன் சுகமாகத்தான் இருப்பான்.

உன் கடிதம் ஆனி மாதமே வந்து சேர்ந்துவிட்டது. பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்குக் கண்ணைச் சாட்டலாம், முழங்கால் நோவைச் சாட்டலாம். கண்ணாடி புதிது, முழங்காலால் ஒருவரும் எழுதுவதில்லை. கோபம்தான் காரணம். கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

தமிழில் எழுதியிருந்தாய். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக நான் பட்ட பாடு எனக்கும் உனக்கும் அந்த பஸ் சாரதிக்கும்தான் தெரியும். வளர்ந்த பிறகு எனக்கு நீ அனுப்பியதெல்லாம் போனில் ஜெர்மனில் இரண்டு வரி, ஒரு பெருவிரல் படம். இப்போது மட்டும் பிழை குறைந்த தமிழில், நல்ல தாளில், தபால் முத்திரை ஒட்டிக் கடிதம். அப்பாவிடம் பெரிதாக ஒன்று கேட்பதென்றால் தமிழில் கேள் என்று அம்மா சொல்லித் தந்திருப்பாள். அவள் இல்லை என்கிறாள். நம்பவில்லை.

ஐந்து பக்கம் ஜப்பானின் நகரா ஆறு. ஆறாம் பக்கத்தின் அடியில் நாலு வரியில் விஷயம். நீ கட்டப்போகிற சிஹோ அவர்கள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. மிசுனோ என்ற அவர்களின் வீட்டுப் பெயர் அவளோடு நின்றுபோகும். அதனால் கலியாணத்தோடு நீ அந்த வீட்டுக்குப் பிள்ளையாகப் போய் அவர்களின் பெயரை எடுக்க விரும்புகிறாய். சட்டம் அப்படிக் கேட்கவில்லை, அவர்களும் வற்புறுத்தவில்லை, அப்பா ஓம் என்றால் மட்டும் செய்வேன் என்கிறாய். இதைச் சொல்ல எனக்கு ஐந்து பக்கம் தண்ணீர் காட்ட வேண்டியிருந்ததா?

ஆனாலும் எல்லாவற்றையும் வாசித்தேன். நீ சின்னனில் பாவித்த அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். டைனிச்சி என்ற மலையில் தொடங்கி, மலையடி ஊர்களைக் கடந்து, கடதாசி செய்கிற ஊரைக் கடந்து, கிஃபு நகரத்தின் நடுவால் வந்து, கீழே தரை தட்டையானதும் கிசோ, இபி என்று இன்னும் இரண்டு ஆறுகள் இரண்டு பக்கத்தாலும் நெருங்கி வர, மூன்றும் ஒரே குடாவில் போய் விழுகின்றன. அட்லஸில் அது என் சின்ன விரல் நீளம்கூட இல்லை. அந்தச் சின்ன விரலுக்குள்தான் என் பிள்ளை போய் மாட்டுப்பட்டிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையடி ஊரில் ஊற்றுத் தண்ணீரைத் தொட்டி தொட்டியாக இறக்கிப் பாவிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். முதல் தொட்டி குடிக்க, அடுத்தது மரக்கறி கழுவ, அதற்கும் கீழே கோப்பை கழுவ, கோப்பையில் மிஞ்சிய சோற்றை வாய்க்கால் மீன் தின்ன. ஒரு சொட்டும் வீண் போகாது, மேலே உள்ளவன் கீழே உள்ளவனை நினைத்துத்தான் பாவிக்க வேண்டும் என்று அதைப் பெரிய தத்துவமாக எழுதியிருந்தாய். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டல் குசினியில் கடைசித் தொட்டியில்தான் நின்றேன். மேலே நின்ற எவனும் என்னை நினைத்துப் பாவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு அந்த நீர்க்காகம். இரவில் படகின் முன்னால் நெருப்பைத் தொங்கவிட்டு, பறவைகளின் கழுத்தில் கயிறு கட்டி ஆற்றில் விடுகிறார்கள். சின்ன மீன் தொண்டைக்குள் போகும். பெரிய மீன் போகாது, அதை மேலே இழுத்துக் கக்க வைப்பார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வழக்கம் என்று புளுகித் தள்ளியிருந்தாய். நான் உன் கழுத்தில் கயிறு கட்டி வளர்க்கவில்லை. கட்டியிருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சட்டியை அடுப்பில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சிஹோவின் ஊரைப் பற்றி எழுதிய பக்கத்தைத்தான் கூடுதலாக வாசித்தேன். மூன்று ஆற்றுக்கும் நடுவில், ஆற்றுத் தண்ணீரை விடத் தாழ்ந்த தரையில் ஊர். அதனால் ஊரைச் சுற்றி வட்டமாக மண் அணை கட்டி அதற்குள் குடியிருக்கிறார்கள். வசதியானவர்கள் வளவுக்குள்ளேயே கல்லை அடுக்கி உயர்த்தி அதன் மேல் ஒரு அறை கட்டி நெல்லும் சாமானும் வைப்பார்கள். வசதி இல்லாதவர்களுக்கு ஊர்ப் பொதுவில் ஒரு மண்மேடு, வெள்ளம் வந்தால் ஏறி நிற்க. சிஹோ வீட்டில் கல்லடுக்கும் உண்டு, கூரைக்குக் கீழே கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட படகும் உண்டு. 1976-இல் கரை உடைந்த வெள்ளத்தில் கடைசியாக இறக்கியதாம். அதற்குப் பிறகு அது தண்ணீரைக் காணவில்லை, ஆனாலும் ஒருவரும் அதை எறியவில்லை, சிஹோவின் தகப்பன் வருடத்துக்கு ஒரு தடவை கயிற்றை மட்டும் மாற்றுகிறார் என்று எழுதியிருந்தாய்.

அணையைப் பற்றி நீ ஒரு வரி எழுதியிருந்தாய், அதை மட்டும் நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெளித் தண்ணீர் உள்ளே வராமல் காக்கிற அணை, ஒருமுறை தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் அதை வெளியே போகவும் விடாது. எங்கள் ஆட்களும் இங்கே அப்படித்தானே இருந்தோம். கோவில், ஹோலில் சாமத்தியவீடு, பிறந்தநாள், செத்தவீடு, எல்லாம் எங்களுக்குள்ளே. வெளியால் ஒன்றும் வரவிடாமல் காத்தோம். இப்போது உன் கதை உள்ளே வந்துவிட்டது, எங்கும் வடிந்து போகாது. போன கிழமை தமிழ்க் கடையில் காசு குடுக்கிற இடத்தில் வைத்து ஒருத்தர் கேட்கிறார், அண்ணை, மகனைத் தத்துக் குடுக்கிறியளாமே, முப்பத்திரண்டு வயதில குழந்தைப்பிள்ளையோ என்று. நான் வெண்டிக்காயைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்தது கரைக் காவல். மழைக்காலத்தில் ஆறு ஏறினால் ஒவ்வொரு வீட்டிலும் இருந்து ஒரு ஆள் கரையில் போய் நிற்க வேண்டும், மண்மூட்டை அடுக்க வேண்டும், அது அந்த ஊர் வழக்கம். சிஹோவின் தகப்பனுக்கு இப்போது முதுகு ஏலாது. மிசுனோ வீட்டுக்கு நிற்க ஆள் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார் என்று எழுதியிருந்தாய், உனக்கு மனம் பொறுக்கவில்லையாம்.

எனக்கும் ஒரு வெள்ளம் ஞாபகம் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் ரூர் ஆறு பெருகி எங்கள் நிலத்தடிக் கெல்லருக்குள் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அம்மாவின் தையல் மெசினைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவன் நீ. மேல்மாடிக் கிழவியின் சைக்கிளையும் நீதான் தூக்கினாய். அன்றைக்குப் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கிறான் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. இப்போது எங்கள் கெல்லர் காய்ந்துவிட்டது, ஆளை அவர்கள் கேட்கிறார்கள்.

சரி, பெயருக்கு வருகிறேன்.

நீ எழுதியிருந்தாய், அப்பா, அது ஒரு பெயர்தானே, நான் நான்தானே என்று. மிசுனோ என்பது அவர்களின் வீட்டுப் பெயர். பாட்டன் பூட்டன் எல்லோருக்கும் பொது. எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. இங்கே பதியப் போன கந்தோரில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது நான் விழித்தேன். என் அப்பா பரராசசிங்கத்தின் பெயரை எனக்குக் குடும்பப் பெயராக்கினார்கள். பிள்ளைகள் பிறந்தபோது என் பெயரை உங்களுக்கு ஆக்கினார்கள். அதனால் நாற்பது வருடமாக இந்த நாடு என்னைக் கூப்பிடுவது என் அப்பாவின் பெயரால். வைத்தியரிடம் போனால் ஹெர் பரராசசிங்கம். நான் வேலை செய்த வார்ப்பு ஆலையில் அதுவும் நீளம் என்று பாரா. அப்பா ஊரில் செத்துப்போன செய்தி வந்த அன்றைக்கும் போர்மன் எனக்குப் பின்னால் நின்று பாரா, பாரா என்று கத்திக்கொண்டிருந்தான். என் சொந்தப் பெயரை ஜெர்மன்காரர் வாயால் நான் கேட்டது உன்னாலும் தேனுஜாவாலும்தான். பள்ளிக்கூடத்தில் யதுசன் உருத்திரமூர்த்தி. றிப்போட்டில் உருத்திரமூர்த்தி. வாத்தியார் கடித்துக் குதறிச் சொன்னாலும் அது நான்தான்.

உனக்கு டொக்டர் பட்டம் தந்த அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். மேடையில் அந்தப் பேராசிரியர் தாளைப் பார்த்து, மூச்சு வாங்கி, டொக்டர் உருத்திரமூர்த்தி என்று கூப்பிட்டார். நான் எழும்பி நின்றுவிட்டேன். அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். பின்வரிசையில் இருந்த பெடியள் சிரித்தார்கள், நீயும் மேடைக்கு ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாய். பகிடியாகப் போய்விட்டது. எனக்கு அது பகிடி இல்லை. வாழ்க்கையில் ஒரு தடவை மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் எழும்பினேன். இனி உன்னை எந்த மேடையில் கூப்பிட்டாலும் நான் கதிரையிலேயே இருக்கலாம். முழங்காலுக்கும் நல்லது.

கீழே வாசல் பெல்லுக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்த் துண்டு இருந்தது உனக்குத் தெரியும். மேலே பரராசசிங்கம், கீழே உருத்திரமூர்த்தி. இந்த வீட்டில் இரண்டு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது என்று தபால்காரர் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தார். நீ ஜப்பானுக்குப் போனதில் இருந்து கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டர் கீழ்த் துண்டைக் கழற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார், அந்த ஆள் இப்போது இங்கே குடியில்லையே என்று. அந்த ஆள் நான்தான் என்றேன். நீங்கள் ஹெர் பரராசசிங்கம் அல்லவா என்றார். அது என் அப்பா, அவர் செத்துவிட்டார் என்றேன். செத்தவரின் பெயர் ஏன் பெல்லில் என்று கேட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மூன்று வருடமாக இதே கதைதான்.

இந்த வியாழக்கிழமை ஆடி அமாவாசை. என் அப்பாவுக்கு விரதம். கோவிலுக்குப் போய் மோட்ச அர்ச்சனை செய்தோம். தேனுஜா பீலெஃபெல்டில் இருந்து பிள்ளையோடு வந்திருந்தாள். அம்மா வழமைபோல் காத்தோட்டிக்காய் கறி வைத்தாள். கடையில் உறைந்த பைக்கற்றில்தான் கிடைத்தது, கைப்புக்கு ஒரு குறைவும் இல்லை. சாப்பிடும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உங்கள் ஆற்றிலும் ஆவணியில் செத்தவர்களுக்காக விளக்கு விடுகிறார்கள், விளக்கில் பெயரை எழுதித் தண்ணீரில் விடுகிறார்கள் என்று நீ எழுதியதுதான் தொண்டையில் நின்றது. நான் சொன்னேன், எனக்கு இந்த விரதம் பிடிக்க இனி ஆள் இல்லை, என் மகன் யாரோ மிசுனோவின் தகப்பனுக்கும் பாட்டனுக்கும் அங்கே விளக்கு விடப் போகிறான் என்று.

தேனுஜா கறிச் சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள், அப்பா, நான் கலியாணத்தோட உங்கட பேரை விட்டிட்டு அந்தோனிப்பிள்ளை எண்டு மாறேக்க ஹோல் எடுத்து நானூறு பேருக்குச் சாப்பாடு குடுத்தியள், அப்ப உங்களுக்கு நோகேல்லையோ என்று. நான் அது வேறை என்றேன். என்ன வேறை என்று கேட்டாள். நீ பொம்பிளைப்பிள்ளை என்று வாய் வரை வந்தது, அவள் என்னைப் பார்த்த பார்வையில் சொல்லாமல் விட்டேன். அவளும் உருத்திரமூர்த்திதான். நான் ஒரு நாளும் அவளுக்காக எழும்பி நிற்கவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

அம்மா எனக்கு இரண்டாம் முறை சோறு போடும்போது சொன்னாள், ரெண்டு பிள்ளையும் நான் பெத்ததுதான், ஒரு பிள்ளையின்ர பேரிலயும் புஷ்பராணி எண்டு இல்லை, நான் எந்த ஆத்தில போய் ஆருக்குச் சொல்ல என்று. சொல்லிவிட்டு மோர் மிளகாயை என் பக்கம் தள்ளி வைத்தாள். இருவரும் சேர்ந்து என்னை வெட்டிப் போட்டுவிட்டு, பிள்ளைக்கு மாம்பழம் வெட்டப் போய்விட்டார்கள். விரதச் சாப்பாட்டில் எனக்கு உப்பும் தெரியவில்லை உறைப்பும் தெரியவில்லை.

அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கலாம். நியாயம் இருப்பதால் எனக்கு நோவு குறையவில்லை. அதை உனக்கு மறைக்க நான் விரும்பவில்லை. நீ அங்கே நல்ல பிள்ளை என்று பெயர் எடுப்பாய், அவர்கள் தலை நிமிர்ந்து கரையில் நடப்பார்கள். நான் இங்கே என் அப்பாவின் பெயரோடு திரிந்து, அந்தப் பெயரோடேயே போய்ச் சேருவேன். என் பெயர் என் கையோடு நிற்கும்.

கலியாணத்துக்கு அம்மா வருவாள். தேனுஜா டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மூன்று டிக்கெட் பார்ப்பதாகத்தான் காதில் விழுந்தது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சிஹோவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் என்னைக் கண்டால் அந்தப் பிள்ளை அப்பா, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். நீ இவ்வளவு வருடத்தில் கேட்டதில்லை.

ஓம் என்ற சொல்லை நான் எழுதுவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். அந்தச் சொல் இந்தக் கடிதத்தில் வராது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த உறையில் உன் பழைய பெயரை எழுதியிருக்கிறேன், அது உன்னைக் கண்டுபிடிக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கடிதத்துக்கு நான் எழுத வேண்டிய பெயரை இங்கிலீஷ் எழுத்தில் வடிவாக எழுதி அனுப்பு. பிழையாக எழுதினால் கடிதம் திரும்பி எனக்கே வந்துவிடும்.

நேற்றுக் காலையில் நான் கீழே போய் பெல்லில் இருந்து உருத்திரமூர்த்தி என்ற அந்தப் பெயர்த் துண்டைக் கழற்றினேன். ஹவுஸ்மைஸ்டர் கண்டுவிட்டு, ஒருவழியாகக் கழற்றினீர்கள், நன்றி என்றார். நகத்துக்கு ஏலவில்லை, மரக்கறி வெட்டுகிற கத்தியால் நெம்பினேன், அதனால் ஒரு ஓரம் கொஞ்சம் உடைந்திருக்கிறது. அதை இதனுள் வைத்திருக்கிறேன். அவர்களின் வீட்டுக் கதவில் ஒட்டச் சொல்லவில்லை. விளக்கில் எழுது என்றும் நான் கேட்க மாட்டேன். உதவாத படகை அவர்கள் ஐம்பது வருடமாக எறியாமல் கூரையில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நீதான் எழுதினாய். உன் மாமனாரிடம் கேட்டு இந்தத் துண்டை அந்தப் படகுக்குள் போட்டுவிடு. அவர் கயிறு மாற்றும்போது அதுவும் மேலே கிடக்கட்டும்.

மழைக்காலத்தில் கரைக்குப் போனால் தனியே நிற்காதே. தண்ணீர் எவன் பெயர் என்று பார்த்து ஏறுவதில்லை. நீயும் அந்தப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பா,
உருத்திரமூர்த்தி